நிலை: நன்று. ஒரு சொல் குறைவு

எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
குழந்தைகள் தட்டு. குறுக்களவு ஆறங்குலம்.
விளிம்பில் புடைத்த டெய்சிப் பூக்கள்.
நடுவில் நீல அச்சு:
தொப்பி வைத்த பையன் ஒருவன்
சேவல் கூவும் வேலியோரம்
மண்வெட்டியோடு புறப்படுகிறான்.
அவன் கன்னத்துக்கு யாரோ
அவசரமாய்ச் சிவப்பு தீற்றியதில்
சேவலின் கொண்டையும்
அதே தீற்றலில் முடிந்துவிட்டது.

லீக் நகரத்து ஏலக்கூடத்தில்
ரொவீனா டன்னிக்ளிஃப்
தட்டைத் திருப்புகிறாள். சுண்டுகிறாள்.
ஓசை சரி. விரிசல் இல்லை.
பின்புறம் முத்திரையும் இல்லை.
ஸ்டாஃபோர்ட்ஷயர், 1840 வாக்கில்,
என்று தட்டச்சிட்டுவிட்டுப்
படத்தின் கீழுள்ள நீதிவாக்கைச்
சொல் சொல்லாய்ப் பார்த்தெழுதுகிறாள்:

*அதிகாலை எழும் கைக்கு
ரொட்டி குறையும்.*

குறையும்?
உருப்பெருக்கியை எடுத்தாள்.

அந்த மொழியில் மறுப்பு
நம்முடையதைப்போல் வினைக்குள் கரைந்து கிடப்பதில்லை.
மூன்றே எழுத்து. தனியே நிற்கும்,
பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி.
கத்தரிக்கு வெகு வசதி.

நடுவே வெற்றிடம் இல்லை.
இரண்டு தாளின் ஓரங்கள் முட்டிச் சேர்ந்த இடத்தில்
மயிரிழையாய் ஒரு கோடு மட்டும்,
நகத்தால் நீவிவிட்டதுபோல.
தவறென்றால்
இத்தனை நேர்த்தி எதற்கு?

இனி நான் சொல்வதற்குச் சாட்சி கிடையாது.

லாங்டனில் ஒரு பட்டறை. நவம்பர்.
கெசையா பூன், வயது பன்னிரண்டு,
நாலு மணிக்கே வந்து
அச்சுக்காரர் வுலிஸ்கிராஃப்டின் அடுப்பை மூட்டவேண்டும்.
செப்புத்தகடு சுட்டால்தான் நீலம் இளகும்.
அவர் ஆறரைக்கு வருவார், நேற்றைய பீர் வாடையோடு.
சோப்புநீர் பூசிய மெல்லிய தாள்
உருளைக்கடியிலிருந்து ஈரமாய் எழுந்து வரும்.
அவள் நறுக்குவாள்:
பையன் தனி, சேவல் தனி, வாக்கு தனி.
திருமதி ஹியூம் அவற்றைத் தட்டில் ஒட்டி
முழு பலத்தோடு தேய்ப்பாள்.
பிறகு தண்ணீர்த் தொட்டி.
தாள் மிதந்து போகும்,
நீதி தங்கிவிடும்.

எழுத்தை அவள் கற்றது அந்தத் தாளில்.
தாளில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும்.
ஞாயிற்றுப் பள்ளியில் பைபிளைத் திறந்தவள்,
"இதை யாரோ அந்தப் பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள்" என்றாள்.
முழங்கையில் ஓர் அடி விழுந்தது.

இந்த வாக்கு என்ன சொல்கிறது என்று
திருமதி ஹியூமிடம் கேட்டது செவ்வாய்க்கிழமை.
ஹியூம் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.
"எந்தச் சொல் எது?"
அதையும் சொன்னாள்.

சனிக்கிழமை கூலி.
ஒரு ஷில்லிங், ஆறு பென்ஸ்.
அதில் மூன்று பென்ஸ் பிடித்தம்:
புதனன்று அடுப்பு தாமதம்.
எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.
காசு மாறவில்லை.

திங்கட்கிழமை முதல் தாளில்
கத்தரி இருமுறை கூடுதலாய்க் கடித்தது.
திருமதி ஹியூம் கையில் வாங்கினாள்,
வெளிச்சத்தில் பிடித்தாள்,
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு இரண்டு துண்டையும் நெருக்கிச் சேர்த்து
நகத்தால் நீவி
தேய்க்கத் தொடங்கினாள்.

எத்தனை தட்டு அப்படிப் போனதோ.
உலை எதையும் படித்துப் பார்ப்பதில்லை.

ரொவீனாவின் முதலாளி
பட்டியலை மேலோட்டமாய்ப் பார்த்து
'எழுத்துப் பிழை' என்று
அந்தச் சொல்லைத் திரும்பச் செருகினார்.
ரொவீனா காலை ஐந்தரைப் பேருந்தில் வந்தவள்.
அவர் தேநீருக்குப் போனதும்
அதை நீக்கினாள்.
'நிலை: நன்று' என்பதை மட்டும்
அப்படியே விட்டுவைத்தாள்.

நறுக்கி எடுத்த அந்தத் துண்டு
கெசையாவின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.
வீட்டுக்குப் போகும் வழியில், பம்பின் கீழே,
தாளை மட்டும் தண்ணீர் கொண்டுபோயிற்று.
மைக்கு எண்ணெய் உடம்பு.
தெருவிளக்கடியில் விரலைத் தூக்கிப் பார்த்தாள்:
மூன்று எழுத்து, நீலத்தில்,
முதன்முறையாக
அவளைப் பார்த்து நேராக.